பதிலுக்குக் காத்திருந்தவர்

பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்காத குழந்தையை வீட்டார் முதலில் அழைத்துப் போவது காது பார்க்கும் இடத்துக்குத்தான். திண்டுக்கல் பேருந்து நிலையத்துக்கு எதிரே உள்ள சந்தில், மருந்துக் கடைக்கும் ஜெராக்ஸ் கடைக்கும் நடுவில் அப்படி ஓர் இடம் இருந்தது. முன்பக்கம் காது மிஷின் விற்பார்கள். பின்பக்கம் சுவரெல்லாம் பஞ்சு ஒட்டிய சிறிய அறை. அதில் உட்காரவைத்து, ஹெட்போன் மாட்டி, ஒலி கேட்கும்போது பொத்தானை அழுத்தச் சொல்வார்கள். அந்தச் சோதனையைச் செய்துவந்தவர் அவர், எல்லாருக்கும் ‘மேடம்’. வயது ஐம்பதுக்குக் கொஞ்சம் குறைவு. ஆயக்குடிக்காரர். பருத்திப் புடவை, ரப்பர் செருப்பு, கழுத்தில் அடையாள அட்டை. ஞாயிற்றுக்கிழமையிலும் அந்த அட்டையைக் கழற்ற மறந்துவிடுவார்.

என் அம்மாவுக்குக் காது மந்தமானபோது அங்கே போனோம். தம்பியைத் தனியே விட்டுப் போக முடியாது என்பதால் அவனும் வந்தான். அப்போது அவனுக்கு முப்பது வயது. ஆட்டிசம் என்று டாக்டர் எழுதிக் கொடுத்த காகிதம் இருபது வருடமாக வீட்டில் இருந்தது. பேச்சு கிடையாது. ஒரே சுருதியில் ஒரு முனகல் மட்டும் உண்டு. அம்மாவுக்குப் பிறகு அவனை யார் வைத்துக்கொள்வது என்ற கேள்வியும் வீட்டில் இருந்தது. அதை யாரும் வாய்விட்டுக் கேட்டதில்லை.

அம்மாவின் விவரங்களை எழுதி முடித்ததும் அவர் தம்பியின் பக்கம் திரும்பினார்.

"உங்க பேருங்க?"

"செந்தில்" என்று தம்பிக்காக நான் சொன்னேன்.

"உங்களக் கேக்கலீங்க."

குரலில் கோபம் இல்லை. பேனாவைத் திறந்துவைத்தபடி இருந்தார். தம்பியின் முகத்தைப் பார்க்கவில்லை, அவன் கைக்குப் பக்கத்தில் இருந்த மேஜை விளிம்பைப் பார்த்தார். வரிசையில் இருந்தவர்கள் இருமினார்கள். தம்பி முனகிக்கொண்டிருந்தான். வெகுநேரம் கழித்துப் பேனாவை மூடினார்.

"கேட்டிருச்சுங்க. பதில்தான் இன்னும் வரல" என்றார்.

வாடிக்கையாளரிடம் பேசும் மரியாதை என்று அதை எடுத்துக்கொண்டேன்.

அந்தக் கடையில் அவருக்குக் கடினமான வேலை ஒன்று இருந்தது. "காது நல்லா இருக்குதுங்க" என்று சொல்வது. மற்றவர்கள் அதைக் கேட்டுச் சிரித்தபடி எழுந்து போவார்கள். பேசாத குழந்தையைக் கொண்டு வந்தவர்கள் எழுந்திருக்க மாட்டார்கள். வேடசந்தூர் மில் ஒன்றில் வேலை பார்த்த ஒருவர், சீருடையோடு வந்தவர், மேடத்தின் கையைப் பிடித்துக்கொண்டதை நான் பார்த்தேன்.

"கேக்கலன்னே எழுதிருங்க மேடம். மிஷின வாங்கி மாட்டி விட்டுர்றேன். பிள்ள பேசிரும்ல?"

 மேடம் கையை இழுத்துக்கொள்ளவில்லை. அந்த மனிதர் அழுது முடித்து, மனைவிக்கு போன் செய்து, மீண்டும் அழுது, கடைசியில் தானாகவே "அப்ப மிஷினு வேணாங்கிறீங்க" என்று சொல்லும்வரை அப்படியே நின்றார். வெளியே உட்கார்ந்திருந்த கிழவர் ஒருவர், "செத்த நேரம் உக்காருங்கன்னு சொன்னாக, ஒரு மணி நேரமாச்சு" என்று சலித்துக்கொண்டார். கடை முதலாளிக்கும் அந்தச் சலிப்பு இருந்தது.

காது நன்றாக இருந்து அனுப்பப்பட்டவர்களை வைத்துத்தான் மேடம் ஞாயிற்றுக்கிழமைகளில் கூடித் தாளம் தட்டும் வட்டத்தைத் தொடங்கினார். நாகல் நகரில் ஒரு தட்டச்சுப் பயிலகத்தின் மாடி. உறை போட்ட மிஷின்களைச் சுவரோரம் தள்ளிவிட்டு, நடுவில் பிளாஸ்டிக் நாற்காலிகளை வட்டமாகப் போடுவார்கள். சுருதிப் பெட்டி ஒன்று ஓடிக்கொண்டே இருக்கும். மின்விசிறியின் டக்டக் சத்தம் சிலருக்கு ஆகாது என்பதால் அதை நிறுத்திவிடுவார்கள். சித்திரை மாதத்திலும் அப்படித்தான். மூலையில் ஒரு திரைச்சீலை, அதன் பின்னால் ஒரு பாய். தாங்க முடியாதவர்கள் போய்ப் படுத்துக்கொள்ளலாம். பெற்றவர்களும் போய்ப் படுத்ததுண்டு.

வாத்தியம் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. அரிசி போட்ட பாட்டில்கள், ஒரு ஜால்ரா, ஒரு தப்ஸ். ஒரு கையில் பிடித்து மறு கையால் தட்டும் அந்த வட்டமான தோல் வாத்தியத்தைக் கொடுத்தவர் பேகம்பூரில் தோல் வியாபாரம் செய்யும் ஒரு பாய். அவருடைய மகள் அஸ்மாவுக்குப் பத்தொன்பது வயது. திடீர்ச் சத்தம் அவளுக்கு ஆகாது. அதனால் அங்கே யாரும் கை தட்டுவதில்லை, இரண்டு கைகளையும் தூக்கி அசைப்பார்கள். அஸ்மாவின் அத்தா மட்டும் வாரம் தவறாமல் மறந்துபோய்த் தட்டிவிடுவார்.

"அத்தா, கை!" என்று அவள் கத்துவாள்.

"யா அல்லா, மறந்துட்டேம்மா. இந்தக் கைய வெட்டித்தான் போடணும்."

"வெட்டாதீங்க பாய், அப்புறம் எத வச்சுக் கடைய நடத்துவீங்க" என்பார் கீழே டீக்கடை வைத்திருந்த ராசு. அவரும் வட்டத்தில் ஒருவர். அவர் வீட்டில் யாருக்கும் எதுவும் இல்லை. மாடியில் என்ன சத்தம் என்று பார்க்க வந்தவரை மேடம் உட்காரவைத்துவிட்டார். "வேடிக்க பாக்க எடமில்லீங்க. உக்காந்தா உங்களுக்கும் மொற வரும்" என்பது அவர் வைத்திருந்த இரண்டு விதிகளில் ஒன்று.

இரண்டாவது விதி, யாரும் யாருக்கும் எடுத்துக்கொடுக்கக் கூடாது. தப்ஸ் கைமாறிக் கைமாறி வரும். மடிக்கு வந்தவர் தட்டலாம், தட்டாமல் அடுத்தவரிடம் தள்ளிவிடலாம். இரண்டும் செய்யாமல் வைத்துக்கொண்டும் இருக்கலாம். எவ்வளவு நேரமானாலும் மற்றவர்கள் இருக்க வேண்டும். "அடி சாமி", "அடிம்மா" என்று சொல்லக் கூடாது. கையைப் பிடிக்கக் கூடாது. முதல் சில வாரங்களில் தாய்மார்களுக்குக் கை துறுதுறுவென்று இருக்கும். தங்கள் கைகளைத் தொடைக்கு அடியில் வைத்து அமுக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

சின்னாளபட்டியிலிருந்து குமார் என்று ஒருவன் வருவான். நெசவுக் குடும்பம். தப்ஸ் வந்ததும் ஒரு தட்டு, பஸ் வழியில் ஒரு ஊர். "பேகம்பூர், தோமையார்புரம், காந்திகிராமம், சின்னாளபட்டி." நடுவில் யாராவது இருமினால் முதலிலிருந்து புறப்படுவான்.

"டிரைவரே, இன்னிக்கு வண்டி பொறப்படுமா, இல்ல டிப்போவுக்கா?" என்பார் ராசு.

ஒருமுறை ஊர்ப் பிரமுகர் ஒருவர் சால்வை, பேனர், மைக் சகிதம் வந்தார். வட்டத்துக்கு நடுவில் நின்றுகொண்டு, "எல்லாரும் நல்லாருக்கீங்களா?" என்று கேட்டார். உடனே, "சத்தமா சொல்லுங்க பாப்போம்!" என்றார். அஸ்மா காதைப் பொத்திக்கொண்டு திரைக்குப் பின்னால் போய்விட்டாள்.

மேடம் எழுந்து போய் மைக் வயரைப் பிடுங்கினார். "கேட்டுட்டீங்க சார். பதில் வர்ற வரைக்கும் இருங்க" என்றார்.

பிரமுகர் நின்றார். விசிறி இல்லை. சட்டை முதுகோடு ஒட்டியது. ஒரு நிமிடம் ஆகியிருக்காது, இன்னொரு கூட்டம் இருக்கிறது என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். கார் கிளம்பும் சத்தம் கேட்டது. அதற்கும் பிறகு குமார், "நல்லாருக்கேன்" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. கூடையிலிருந்து கொய்யாப்பழங்களை எடுத்து நறுக்க ஆரம்பித்தார்.

இந்தக் காத்திருத்தல் எப்போதும் நல்லதாகவே முடிந்தது என்று எழுத முடியாது. ஒட்டன்சத்திரத்திலிருந்து ஒரு தாயும் மகனும் சில வாரங்கள் வந்தார்கள். ஒருநாள் அவன் சுவரில் நெற்றியை மோத ஆரம்பித்தான். மேடம் ஓடிப்போய்த் தன் உள்ளங்கையைச் சுவரில் வைத்தார். அவன் அந்தக் கையில் மோதினான். பிடித்து இழுக்கலாம், இரண்டு ஆண்கள் இருந்தோம். வேண்டாம் என்று தலையசைத்தார். மோதல் நிற்க முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று.

"பாத்துக்கிட்டே நிக்கறீங்களே, நீங்கெல்லாம் மனுசியா?" என்று அந்தத் தாய் கேட்டார்.  தாயும் மகனும் அதன்பின் வரவில்லை. மறுநாள் கடை வழியே போனபோது பார்த்தேன். மேடத்தின் வலக் கை வீங்கியிருந்தது. இடக் கையால் சோதனை மிஷினின் குமிழைத் திருகிக்கொண்டிருந்தார்.

மேடம் கூப்பிட்டதன்பேரில் தம்பியும் இரண்டு வருடம் வட்டத்தில் உட்கார்ந்தான். தப்ஸ் வந்தால் மடியில் வைத்துக்கொள்வான். தோலை முகர்ந்து பார்ப்பான். அடுத்தவரிடம் கொடுத்துவிடுவான். ஒருநாளும் தட்டியதில்லை. எனக்கு நாளிதழில் வேலை. ஞாயிறு மதியத்துக்கு மேல்தான் அலுவலகம் என்பதால் காலையில் அவனைக் கூட்டிப் போவது என் பொறுப்பு. அம்மா வீட்டு வாசலில் நின்று, "இன்னைக்கு அடிச்சானாப்பா?" என்று கேட்பார். இல்லை என்பேன். மிஷின் வைத்த காதோடு அம்மா அதை இன்னொரு முறை கேட்பார்.

அம்மா இறந்தபின் தம்பி எங்கள் வீட்டுக்கு வந்தான். நானும் மனைவியும் வேலைக்குப் போகிறவர்கள். மூன்றாம் மாதம் அவன் கேட்டைத் திறந்துகொண்டு பைபாஸ் வரை நடந்துவிட்டான். ஒரு லாரி ஓட்டுநர் வண்டியை நிறுத்தி அவனை ஓரமாக உட்காரவைத்திருந்தார். அன்றிலிருந்து கேட்டுக்குப் பூட்டுப் போட்டோம். பூட்டியதும் அவன் கேட்டை ஆட்டத் தொடங்கினான். தடுக்கப் போன மனைவிக்கு மணிக்கட்டு பிசகியது.

"எனக்கு உங்க தம்பி மேல வெறுப்பெல்லாம் இல்லைங்க. முடியல" என்றாள். கட்டுப் போட்ட கையால் சாதம் வடித்துக்கொண்டிருந்தாள்.

தொப்பம்பட்டிப் பக்கம் ஒரு காப்பகத்தில் ஓர் இடம் காலியாக இருப்பதாகத் தெரிந்தது. சொன்னதைப் புரிந்து நடப்பவர்களை மட்டுமே எடுப்பார்கள். காப்பாளர் ஒருமுறை நேரில் பார்க்க வேண்டும் என்றார். வீட்டில் பார்த்தால் கேட்டை ஆட்டுவான். வட்டத்தில்தான் அமைதியாக இருப்பான் என்று அங்கேயே வரச் சொன்னேன். மேடத்திடம் முந்தின நாளே விஷயத்தைச் சொன்னேன். "வரட்டுங்க. உக்காந்தா அவருக்கும் மொற வரும்" என்றார். 

காப்பாளர் நல்ல மனிதர். வெள்ளைச் சட்டை, பையில் இரண்டு பேனா. தம்பிக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். தப்ஸ் அவர் மடிக்கு வந்ததும் கூச்சப்படாமல் தட்டினார். ஒரு தட்டு, கொஞ்சம் இடைவெளி விட்டு இரண்டு தட்டு. பிறகு தம்பியிடம் கொடுத்து, "நான் தட்டுன மாதிரி தட்டுங்க தம்பி, பாப்போம்" என்றார்.

"இங்க அப்படிச் சொல்றதில்லீங்க. இருங்க" என்றார் மேடம்.

தம்பி தோலை முகர்ந்தான். மடியில் வைத்துக்கொண்டான். பயிலகத்துச் சுவர்க் கடிகாரம் என் கண்ணுக்கு நேரே இருந்தது. ஒரு நிமிடம். இரண்டு. காப்பாளர் போனை எடுத்துப் பார்த்து, மீண்டும் பையில் வைத்தார். மூன்று.  அஸ்மாவின் அத்தா குனிந்து தன் கால்விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான்காவது நிமிடத்தில் காப்பாளர் தொண்டையைச் செருமிக்கொண்டு என்னைப் பார்த்தார். இந்த இடம் போனால் வேறு இடம் இல்லை.

நான் எழுந்து போய்த் தம்பியின் வலது மணிக்கட்டைப் பிடித்து தப்ஸின் மேல் ஒரு தட்டுத் தட்டினேன். பிறகு இரண்டு.

"அவ்வளவுதான் சார். கூச்சம். சொன்னா செய்வாப்ல" என்றேன்.

"போதும், போதும்" என்றார் காப்பாளர். கையிலிருந்த தாளில் குறித்துக்கொண்டார். அவருக்கும் அங்கிருந்து எழுந்தால் போதும் என்றிருந்தது. பேச வேண்டியவற்றைக் கீழே பேசலாம் என்று ராசுவின் கடைக்கு இறங்கினோம். படியில் கால் வைக்கும்போது திரும்பிப் பார்த்தேன். மேடம் என்னைப் பார்க்கவில்லை. தப்ஸைத் தம்பி மடியிலிருந்து எடுத்து அடுத்தவருக்குக் கொடுக்கவும் இல்லை.

கடைப் பையன் போட்ட டீயைக் குடித்து, துணி எத்தனை, மாத்திரை என்ன, பார்க்க வரும் நாள் எது என்று பேசி முடிக்க அரை மணி நேரம் ஆயிற்று. மேலே வந்தபோது எல்லாரும் கொய்யாப்பழம் தின்றுகொண்டிருந்தார்கள். தம்பி விதைகளை நகத்தால் நோண்டி நாற்காலிக் கையில் வரிசையாக வைத்திருந்தான். யாரும் என்னிடம் எதுவும் சொல்லவில்லை.

காப்பகத்துப் பாரத்தில் குடும்பத்துக்கு வெளியே ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும். 'அறிந்தவர்' என்று ஒரு கட்டம். வியாழக்கிழமை காது மிஷின் கடைக்குக் கொண்டு போனேன். மேடம் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதல் வரியிலிருந்து படித்தார். 'சொல்வதைப் புரிந்து செயல்படுவாரா?' என்ற இடத்தில் 'ஆம்' என்று எழுதினார். எனக்கு நிம்மதியாக இருந்தது. பிறகு அதன் கீழே சிறிய எழுத்தில் ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

'பதில் வர நேரமாகும். நான் பார்த்தது பத்தொன்பது நிமிடம்.'

"இது எப்ப?" என்றேன்.

"ஞாயித்துக்கிழம. நீங்க டீக்கடையில இருந்தீங்க."

"தட்டுனானா?"

"ஒண்ணு. கொஞ்சம் விட்டு ரெண்டு. அந்தச் சார் தட்டுன மாதிரியே."

"அது நான் புடிச்சுத் தட்டினது..."

"உங்க தட்ட நான் சேக்கலீங்க. சார் சொன்னதுல இருந்து மணி பாத்தேன்."

"ஏன் எங்கிட்டச் சொல்லல?"

"நீங்க கேக்கலீங்க."

உள்ளே பஞ்சு அறையில் ஒரு பெண் குழந்தை ஹெட்போனோடு உட்கார்ந்திருந்தது. கண்ணாடி வழியே தெரிந்தது. நான் பாரத்தை மடித்தேன், பிரித்தேன்.

"அனுப்பட்டுமா மேடம்?"

அவர் மேஜை விளிம்பைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றினார். ஏதோ சொல்லப் போகிறார் என்றுதான் தோன்றியது. மிஷினுக்கு பேட்டரி கேட்டு ஒருவர் உள்ளே வந்தார். "சரி, நான் வாரேன்" என்று சொல்லிவிட்டு இறங்கினேன். நான் அங்கே நின்றது ஒரு நிமிடம்கூட இருக்காது.

திங்கட்கிழமை வாடகைக் காரில் தம்பியைக் கூட்டிப் போனோம். வழி முழுக்க முனகிக்கொண்டே வந்தான். ஓட்டுநர் ரேடியோவை அணைத்துவிட்டார். காப்பாளர் பாரத்தை வாங்கிப் படித்தார்.

"பத்தொம்பது நிமிசமா? சார், நாப்பத்திரண்டு பேருக்கு நாங்க நாலு பேரு இருக்கோம். சாப்பிட வாங்கன்னா அப்பவே வரணும். மேல இருந்து பாக்க வாரவங்க இந்த வரியப் படிச்சா என்னையத்தான் கேப்பாங்க." மேஜை இழுப்பறையைத் திறந்தார். "வேற பாரம் தாரேன். இந்த வரி இல்லாம எழுதிக் குடுத்துருங்க."

காப்பாளரின் மேஜையிலேயே வைத்து எழுதினேன். முதல் பாரத்தில் இருந்த எல்லாமே இரண்டாவதிலும் இருந்தது, அந்த ஒரு வரியைத் தவிர. 'ஆம்' என்பதை நானே எழுதினேன். கையெழுத்துக்குத் திரும்பவும் திண்டுக்கல் போய்வர நேரமில்லை. 'அறிந்தவர்' கட்டத்தில் கார் ஓட்டுநர் கையெழுத்துப் போட்டார். தம்பியை அவர் அறிந்திருந்தது ஒன்றரை மணி நேரம்.

"நல்ல பிள்ள சார். வழியில ஒரு தொந்தரவும் பண்ணல" என்று சொல்லிக்கொண்டே போட்டார்.

முதல் பாரம் என் சட்டைப் பையில் இருந்து, துணியோடு துவைக்கப் போய்விட்டது.

இது நடந்து மூன்று வருடம் ஆகிறது. கேட்டுக்கு இப்போது பூட்டு இல்லை. மனைவியின் கை சரியாகிவிட்டது. காது மிஷின் கடையில் மேடம் இல்லை. வேறு ஊர்க் கிளைக்கு மாற்றிவிட்டார்கள் என்று மருந்துக் கடையில் சொன்னார்கள். எந்த ஊர் என்று அவர்களுக்குத் தெரியவில்லை. பயிலகத்து மாடியில் இப்போது ஞாயிற்றுக்கிழமைகளிலும் தட்டச்சு வகுப்பு நடக்கிறது.

காப்பகத்துக்கு மாதம் ஒருமுறை போன் செய்கிறேன். காப்பாளர் மரியாதையாகப் பேசுவார். சாப்பிடுகிறான், தூங்குகிறான், காய்ச்சல் எதுவும் இல்லை என்பார். வைப்பதற்கு முன் ஒவ்வொரு முறையும் ஒன்று சொல்வார்.

"ஆனா எது கேட்டாலும் பதிலே இல்ல சார்."

எவ்வளவு நேரம் இருந்து பார்த்தீர்கள் என்று நான் இதுவரை கேட்டதில்லை. "சரிங்க சார்" என்று சொல்லி வைத்துவிடுகிறேன்.